பாலத்தில் இறங்கியவர்கள்

பஸ் நின்றதும் எல்லோரும் இறங்கினார்கள்.

அவளும் இறங்கினாள். முன்னால் ஒருவர் கோழிக்கூடையோடு இறங்கினார். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டபடி ஒருத்தி. வெறும் பஸ் மெல்ல முன்னே ஊர்ந்து பாலத்தில் ஏறியது.

அப்போதுதான் கண்டக்டர் தவராசாவுக்கு உறைத்தது.

"இது பாலந்தானே. ஆரு உங்கள இறங்கச் சொன்ன?"

யாரும் சொல்லவில்லை. தவராசாவும்தான் இறங்கி நின்றார்.

நேற்று வரை இங்கே வாவியைக் கடக்கப் பாதைதான். பாதை என்றால் தெரு அல்ல. பக்கம் பக்கமாகக் கட்டிய தோணிகளின் மேல் இரும்புத் தகடு போட்ட மிதவை. பஸ், லொறி, உழவு மெசின் எல்லாம் அதில்தான் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்குப் போகும். ஒரு மோட்டார் தோணி விலாவில் ஒட்டிக்கொண்டு தள்ளும். ஆட்களோடு பஸ் ஏறினால் பாதை சரிந்துவிடும் என்று பயணிகள் கரையிலேயே இறங்கிவிட வேண்டும். பஸ் ஏறிய பிறகு நடந்து ஏற வேண்டும்.

இந்த இடம் வந்தால் இறங்குவது அவர்களுக்கு உடம்போடு ஊறிய பழக்கம். டிரைவரும் லேசுப்பட்டவரில்லை. முதலில் பிரேக் போட்டதே அவர்தான்.

இப்போது பாலத்தின் மறுமுனையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஹார்ன் அடித்தார். கூட்டம் சிரித்துக்கொண்டே நடந்தது.

அவளுக்குச் சிரிப்பைவிட நிம்மதிதான் அதிகம். இன்னும் ஒரு நாள் கிடைத்துவிட்டது.

கிருபாகரன் பக்கத்தில் வந்து நடந்தார்.

அவர் படுவான்கரையில் கால்நடை வைத்திய அலுவலகம். அவள் அதே ஊரில், விவசாயிகள் வந்துபோகும் கமநல நிலையத்தில் கிளார்க். அவளுக்குக் கலியாணம் பேசுவதை வீட்டில் விட்டுவிட்டார்கள். அவர் தங்கச்சிமார் எல்லோரையும் கட்டிக்கொடுத்து முடித்தபோது அவருக்குத் தலை நரைத்திருந்தது.

பஸ்ஸில் அவள் முன்சீட்டு, அவர் பின்சீட்டு. சேர்ந்து உட்கார்ந்தால் பஸ் போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

பாதையில் அப்படியில்லை. எல்லோரும் நெருக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி, தண்ணீரைப் பார்த்து நிற்பார்கள். யார் யாருக்குப் பக்கத்தில் என்று கணக்கில்லை.

அங்கேதான் இருவரும் பேசினார்கள். எருமைக்கு வயிறு ஊதினால் என்ன கொடுப்பது. ஒரே வயலுக்கு அண்ணனும் தம்பியும் தனித்தனியாக உர மானியம் கேட்டு வந்த கதை. அவ்வளவுதான். காதல் என்று அதற்குப் பெயர் வைத்தால் இரண்டு பேருமே வெட்கப்படுவார்கள்.

ஆனால் மோட்டார் பழுதாகிப் பாதை நடுவாவியில் நின்ற நாளெல்லாம் அவளுக்குத் திருநாள்.

பாலம் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவர்களில் அவளும் ஒருத்தி. இரவில் பாதை ஓட்டம் நின்ற பிறகு வந்த நோயாளிகள் கரையில் விடியும்வரை கிடந்ததை அவளும் பார்த்திருக்கிறாள். பாலம் நல்லதுதான். ஊரில் அவளுக்கு மட்டும்தான் நட்டம். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

நடுப்பாலத்தில் அவர் நின்று கீழே பார்த்தார். பழைய பாதை கரையோரம் கட்டிக் கிடந்தது. அதன்மேல் இரண்டு நாய்கள் சுகமாகப் படுத்திருந்தன.

"நாளைக்கு ஒருத்தரும் இறங்க மாட்டாங்க மிஸ்," என்றார்.

"ஓம் சேர்."

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவரும் சொல்லியிருக்கலாம். இருவரும் கெட்டிக்காரர்கள்தான், அலுவலக வேலையில்.

மறுநாள் தவராசா உஷாராக இருந்தார். பாலம் கண்ணில் பட்டதுமே வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

"இண்டைக்கு ஒருத்தரும் எழும்பப்படாது. அப்படியே இருங்க."

பஸ் முழுக்கச் சிரிப்பு. ஒருவரும் எழும்பவில்லை.

அவள் ஜன்னலோரம் இருந்தாள். பக்கத்தில், மடியில் கூடையோடு மீன் விற்கும் நேசம்மா. தலைக்கு மேலே மணிக்கயிறு. கையை நீட்டினால் எட்டும்.

கை வரவில்லை. தான் இறங்கி, அவர் இறங்காமல் போனால்? பஸ் முழுக்கப் பார்க்க, தனியாக அந்த நீளப் பாலத்தில் நடக்க வேண்டும். நாளைக்கும் இதே பஸ்ஸில்தான் வர வேண்டும்.

பாலம் நெருங்கியது. டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழுகை வரும்போல் இருந்தது.

மணி அடித்தது.

டிரைவர் பிரேக் போட்டார்.

பின்சீட்டில் கிருபாகரன் எழுந்து நின்றார். சினைப்பசுவின் வயிற்றுக்குள் கை விட்டுக் கன்றைத் திருப்பும்போதும் பதறாத மனிதர். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"என்ன சேர், இங்க என்ன?" என்றார் தவராசா.

"இறக்கம்." குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. "ரெண்டு பேர்."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், நானில்லை என்று தலையாட்டினார். தவராசா ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அவள் எழுந்தாள்.

நேசம்மா மடியிலிருந்த கூடையைத் தூக்கிப் பிடித்து, முழங்காலை ஒதுக்கி, வழிவிட்டாள்.