பொடிப் பல்

விபத்துக்குப் பிறகு மெக்கானிக் இருதயராஜின் மணிக்கட்டு கொஞ்சம்தான் திரும்பியது. போல்ட் முடுக்கும் அவருடைய ராட்செட்டுக்கு அது போதவில்லை. உள்ளே பெரிய பற்கள். கைப்பிடியை அகலமாகச் சுழற்றினால்தான் அடுத்த பல்லில் விழும். வண்டிகள் எதிர்ப் பட்டறைக்குப் போகத் தொடங்கின. பல வருடமாகப் பேசாமலிருந்த அந்தப் பட்டறைக்காரன் மைதீன், ஒருநாள் வந்து ராட்செட்டை எடுத்துப் போனான். மாலையில் திருப்பிக் கொடுத்தான்.

“உள்ள பொடிப் பல்லு செட்டு மாத்திருக்கேன். லேசா அசைங்கண்ணே, போதும்.”

ஒரு போல்ட்டில் மாட்டி அசைத்தார். டிக் டிக்கென்று இறுகியது. வலிக்கவில்லை.

“என் கஸ்டமரெல்லாம் திரும்ப இங்க வந்துருவாங்களேடா.”

“வரட்டும்ணே. எதிர்ல சத்தமே இல்லாம எனக்கு வேலை ஓடல.”

இருதயராஜ் இறுக்கிய போல்ட்டைக் கழற்றி, மறுபடி மெதுவாக இறுக்கினார். மைதீன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றான்.