சுருதி எத்தனை?

டயர் வெடித்தது.

ஷார்ஜா தொழிற்பேட்டையில், டயர் கடைக்கு மேல்மாடியில்தான் அந்த ஒலிப்பதிவுக் கூடம். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தும், சத்தம் தரை வழியாக ஏறி வந்து கண்ணாடியை அதிர வைத்தது.

பாட்டு நின்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பாடும் அறையில் ஹெட்போனோடு நின்றிருந்த குமுதினி, நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். இந்தப் பக்கம் கணினி முன் இருந்த ஒலிப்பதிவாளன் அக்ஷய், கீழே இருப்பவர்களைக் கோயம்புத்தூர் மரியாதையோடு திட்டினான். அருமையான டேக் ஒன்று வீணாகிவிட்டதாம்.

அவன் பக்கத்தில் கீபோர்டோடு உட்கார்ந்திருந்த சாருஜன் மட்டும் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குமுதினியின் குரல் உடைந்தது, டயர் வெடிப்பதற்கு அரை விநாடி முன்னால்.

சரணத்தின் உச்சியில். அதுவும் இரண்டு கட்டைச் சுருதியிலேயே.

அந்தப் பாட்டு மூன்று கட்டையில் பிறந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், துபாய் தேராவில் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், குமுதினியே எழுதி மெட்டுப் போட்டது. அதைப் பாடாமல், அவரும் சாருஜனும் போகும் கிறிஸ்தவ சபையில் வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததில்லை.

ஈஸ்டர் ஒத்திகையில்தான் அந்த உச்சி வரியில் அவர் முதல்முறை தடுமாறினார். சாருஜன் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினான். விரல்கள் வழக்கமான இடத்திலேயே ஓடின. ஒலி மட்டும் அரைக் கட்டை கீழே இறங்கியது. ஜூலையில் இன்னொரு அரை. இறக்கிய அளவைக் காட்டும் சின்னத் திரையின் மேல் பாட்டுப் பட்டியலை ஒட்டி மறைத்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

சபையாருக்கு எட்டவில்லை, சுருதியைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று சபைச் செயலாளர் இராஜரத்தினம் முன்பு ஒருமுறை கேட்டார். மூன்றில் பாட முடியாத நாளில் மைக்கை அடுத்த பாடகி கஜாலினியிடம் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்காருவேன், அதுவரைக்கும் குறைக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார் குமுதினி.

சொன்னால் செய்கிறவர்.

இன்று காரில் வரும்போதுகூடத் திட்டங்கள்தான். ஆறு பாட்டில் ஓர் ஆல்பம். கிறிஸ்துமஸுக்குள் வெளியீடு. கடைசிப் பாட்டுக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். இடையிடையே தன் போனில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார். மட்டக்களப்பில் யாரோ ஓர் இளைஞன், வெறும் கிட்டாரோடு, பேசுவதுபோலத் தணிந்த குரலில் பாடியது. ஷார்ஜா வந்து சேர்வதற்குள் நான்கு முறை ஓடிவிட்டது. இப்போதைக்கு இதுதான் தனக்குப் பிடித்த பாட்டு என்றார்.

முன்பெல்லாம் அந்தப் போனிலிருந்து உச்சத்தில் பாடும் பெண் குரல்கள்தான் வரும். அக்காவின் ரசனை மாறிவிட்டது என்று சாருஜன் நினைத்துக்கொண்டான்.

அக்ஷய் மேசையிலிருந்த பொத்தானை அழுத்தினான். அதை அழுத்தினால்தான் இங்கே பேசுவது அங்கே ஹெட்போனில் கேட்கும்.

"அக்கா, மறுபடி எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. வயலின் சென்னையில வாசிக்கறாங்க, அவங்களுக்கு எழுதணும், சுருதி எத்தனைங்க?"

மூன்று கட்டை என்று பதில் வந்தது. கொஞ்சமும் தயங்காமல்.

அக்ஷயின் புருவம் சுருங்கியது. அவன் கணினித் திரை இரண்டு என்று காட்டியது. அவன் விரல் மறுபடி பொத்தானை நோக்கிப் போனது.

சாருஜன் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தான்.

அவன் காதருகே குனிந்து படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினான். இரண்டுதான். ஆறு மாதமாக ஒளித்து வைத்திருக்கிறேன். அக்காவுக்குத் தெரியாது. அந்த டேக் கெட்டது டயரால் இல்லை, அதற்கு முன்பே குரல் போய்விட்டது. சென்னைக்கு இரண்டு என்றே எழுது. அவரிடம் மட்டும் வாய் திறக்காதே. தெரிந்தால் இன்றோடு பாடுவதை விட்டுவிடுவார்.

அக்ஷய் மேசையைப் பார்த்தான்.

பொத்தானுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒருமுறை அழுத்தினால் பேசலாம், மறுபடி அழுத்தினால்தான் அணையும் என்று அவன் மெதுவாகச் சொன்னான். அணைக்கத்தான் கையை நீட்டினானாம்.

சாருஜனுக்குக் கண்ணாடியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பிறகு பார்த்தான்.

குமுதினி சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றவும் இல்லை. பாட்டுத் தாளை இரண்டாக மடித்தார். மறுபடி விரித்தார். கழுத்தைத் தடவிக்கொண்டார்.

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் தடதடத்தது. இந்த முறை அக்ஷய் யாரையும் திட்டவில்லை.

மன்னிப்பை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று சாருஜன் தேடினான்.

குமுதினி மைக்குக்கு மிக அருகில் வந்தார்.

"எனக்கு ஈஸ்டரிலயே தெரியும் தம்பி. இன்னும் அரைக் கட்டை இறக்கி விடு, இராஜரத்தினம் ஐயாட்டை மட்டும் சொல்லிப்போடாதை."