மூன்றாவது ஓட்டை

“மூணு மாசத்துல மூணாவது ஓட்டை. நீ வெல்டிங் வைக்கிறியா, எச்சில் தொட்டு ஒட்டுறியா?” ஒர்க்‌ஷாப் வாசலிலேயே ஆரம்பித்தார் கார்க்காரர்.

மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு, புகைக்குழாய் வாயைக் கந்தல் துணியால் பொத்தி, சைலன்சர் நெடுகச் சோப்புத் தண்ணீர் தெளித்தார். பழைய ஒட்டுக்குப் பக்கத்திலேயே நுரை பொங்கியது.

“துரு இல்ல சார். யாரோ டிரில் போட்ட மாதிரி வட்டமா இருக்கு.”

“யாரோ என்னய்யா யாரோ? இந்தத் தெருவுல டிரில்லு வச்சிருக்கிறவன் நீ ஒருத்தன்தான். என் கண்ணு முன்னாடி அடை.”

அடைத்த பிறகு அவரே சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். கார் பூனை மாதிரிப் போனது.

மறுநாள் காலையிலேயே வந்து நின்றார்.

“மறுபடியும் புகை கசியுதா சார்?”

“இல்ல. அந்த ஓட்டையைத் திரும்பப் போடு.”

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“நேத்து சத்தமில்லாம வீட்டுக்குப் போயிட்டேன். என் பொண்டாட்டி என் பழைய கண்ணாடியை மாட்டிக்கிட்டு, என்னை மாதிரியே உறுமிக் காட்டுறா. பிள்ளைங்க தரையில உருண்டு சிரிக்குதுங்க. என் தலையைப் பார்த்ததும் எல்லாம் கப்சிப். அவ சிரிச்சுக் கேட்டுப் பத்து வருஷமாச்சுய்யா. தெருமுனையிலேயே சத்தம் கேட்டா, பாவம், மூஞ்சியை மாத்திக்க அதுங்களுக்கு நேரமாவது கிடைக்கும்.”

மெக்கானிக் டிரில்லை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தார்.

“எப்பவும் உங்க வீட்டம்மா போடச் சொல்ற அளவுதானே சார்?”