தாளிப்புக் கரண்டியும் புகை அலாரமும்

குளிர் நாட்டு நகரம் ஒன்றில், வளர்மதி வீட்டுத் தாளிப்புக் கரண்டிக்கும் சமையலறை சீலிங்கில் இருந்த புகை அலாரத்துக்கும் ஆகவே ஆகாது. எண்ணெயில் மிளகாய் விழுந்தால் போதும், அலாரம் கத்தி ஊரைக் கூட்டிவிடும். வளர்மதி ஸ்டூல் மேல் ஏறி, குளிக்கும்போது போடும் பிளாஸ்டிக் தொப்பியை அதற்கு மாட்டிவிட்டுத்தான் தாளிப்பாள். அவசரத்தில் மறந்தால் தொலைந்தது.

"எங்க ஊருக்குப் போனதும் நிம்மதியாத் தாளிப்பேன் பாரு" என்று கரண்டி கறுவிக்கொண்டே இருக்கும்.

வளர்மதி ஒரேயடியாக ஊர் திரும்பும் நாளும் வந்தது. பெட்டிக்குள் போகும்போது கரண்டி கேட்டது: "இனிமே உனக்கு சந்தோஷம்தானே?"

"பின்னே? அடுத்து வர்றவங்க ரொட்டியும் வெண்ணெயும்தானாம். நான் வாயைத் திறக்கவே வேண்டாம்" என்றது அலாரம். குரலில் சுரத்தே இல்லை.

ஊருக்கு வந்து வளர்மதி ரசம் தாளித்தாள். மிளகாய் கருகி, பக்கத்து வீட்டிலும் தும்மினார்கள். கரண்டி சட்டென்று மேலே பார்த்தது. அங்கே ஒரு பல்லிதான் இருந்தது.

"என்ன பார்க்கிறே?" என்றது பல்லி.

"அங்கே ஒருத்தன் இருந்தான். இந்நேரம் கத்தியிருப்பான்."

"தொல்லை விட்டுச்சுன்னு சொல்லு."

"ஆமா" என்றது கரண்டி. பிறகு மெதுவாகக் கேட்டது: "உனக்குச் சத்தமாக் கத்த வருமா?"