தேறிய சரக்கு

ஆஸ்பத்திரிக்குப் போகும் ரப்பர் கையுறைகளில் ஓட்டை பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு லோடிலிருந்தும் ஐந்தை உருவி, தண்ணீர் நிரப்பிக் கம்பியில் தொங்கவிடுவேன். அந்த ஐந்து எப்படியோ, லோடு முழுவதும் அப்படித்தான்.

இன்று உருவியதில் முதல் கையுறை நிரம்பியதும் என் விரலைப் பிடித்துக்கொண்டது. மற்ற நான்கும் பிடித்தன. சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அவர் விரலையும் பிடித்தது. உதறிக்கொண்டார்.

“ஒழுகுதா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன? பிடிக்கிறதெல்லாம் நம்ம கணக்குல வராது. பாஸ் போடுங்க. நாளைக்கு உங்க வீட்டம்மாவுக்கு ஆபரேஷனே இந்தச் சரக்கு போற ஆஸ்பத்திரிலதானே?”

“ஆமா சார்.”

முத்திரை குத்தினேன். லாரி கிளம்பியதும், கம்பியில் தொங்கிய ஐந்தும் அதைப் பார்த்துக் கையசைத்தன. தார்ப்பாய்க்கு அடியில் ரப்பரோடு ரப்பர் உரசும் சத்தம் தெருமுனைவரை கேட்டது.