மாடன் வீட்டு மாடித் தண்ணீர்

இந்தக் காலத்தில் எவனும் ஒழுகுகிற வீட்டுக்குள் நின்று பார்ப்பதில்லை, போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறான் என்பது தென்காசி மாடனின் குறை. ஒப்பந்தக்காரன் ஜெஸ்வினும் அப்படித்தான் வந்து போனான். பிறகு மொட்டைமாடியைச் சுரண்டி, விரிசல்களை அடைத்து, ஒழுக்கு அடைக்கும் மருந்து பூசினான். நாலு விரற்கடைத் தண்ணீர் நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் கரிக்கோடு போட்டான். மூன்று நாளில் தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்காவிட்டால் ஒழுக்கு இல்லை என்று கணக்கு. அந்தத் தண்ணீருக்கு நேர்கீழே, வீட்டுக்குள், வாதத்தில் விழுந்த மாடனின் மனைவி பேச்சித்தாய் கட்டிலில் கிடந்தாள்.

மூன்றாம் நாள் தண்ணீர் ஆறு விரற்கடை நின்றது.

"சாரல் விழுந்திருக்கும் அண்ணாச்சி," என்றான் ஜெஸ்வின்.

"பக்கத்து மாடில வத்தல் காயுது. அதுமேல விழாத சாரல் எனக்கு மட்டும் விழுதாக்கும்?"

மாடன் வடிகுழாயின் மூடியைக் கழற்றினார். மத்தியானம்வரை தண்ணீர் தெருவில் கொட்டியது. மாடியில் அது ஏழு விரற்கடை ஆகியிருந்தது.

ஜெஸ்வின் கீழே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தான்.

"சீலிங்ல ஒரு சொட்டு ஈரம் இல்ல. டெஸ்ட் பாஸ்."

"இந்த மாடி இன்னும் எம்புட்டுத் தண்ணி தாங்கும்லே?"

"அத இஞ்சினியர்ட்டதான் கேக்கணும்," என்று சொல்லிவிட்டு அவன் பைக்கை எடுத்தான்.

"ஒம் மருந்து நல்லதாவே இருக்கட்டும். இந்த மாடிய நான் நம்பல," என்றார் மாடன்.

வாசலில் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைத் தாண்டி, பேச்சித்தாயைக் கட்டிலோடு வெளியே தூக்க, மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடித் தெருவில் நடந்தார்.