செங்கோடன் ஏன் பேசவில்லை?

"செங்கோடனை ஊமையாக்கிட்டாங்க சார். இதெல்லாம் ஒரு கதையா?"

மதியச் சாப்பாட்டு வேளையில் இலக்கியா செல்போனை நீட்டினாள். எதிரில் அங்கமுத்து. மேட்டூர் கிளையிலிருந்து இந்தப் பள்ளிபாளையம் ஆபீசுக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"லாரி கேம்ல வர்ற டிரைவர்தானுங்களே? பேசாட்டி என்னங்க?"

"என்ன சார், இப்படிச் சொல்றீங்க? முதல் பாகத்துல வாய் ஓயாமப் பேசுவான். அதைக் கேக்கறதுக்குன்னே விளையாடுவோம். ரெண்டாம் பாகத்துல ஒரு வார்த்தை பேசலைங்க. காரணமும் சொல்லலை. அக்கறை இல்லாத ஆளுங்க. அவனைப் பேச வைக்கச் சொல்லி எல்லாரும் சேர்ந்து மனு அனுப்பறோம். ஆபீஸ்ல நீங்க மட்டுந்தான் பாக்கி. உங்க பேரைப் போட்டுக்கட்டுங்களா?"

"வேண்டாங்க."

"ஏனுங்க சார்?"

அங்கமுத்து இன்னும் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

"அது எம் பையன் குரலுங்க. போன ஐப்பசியில தவறிட்டான். வேற ஆளைப் பேச வெச்சுக்கட்டுமான்னு கம்பெனியில கேட்டாங்க. நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

இலக்கியா நீட்டிய செல்போனை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"முதல் பாகம் அதுல இருக்குதுங்களா?" என்று அவரே கேட்டார். "என் போன்ல ஓட மாட்டேங்குது."

அவள் அதைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. ஆட்டம் தொடங்கும்போதெல்லாம் கேட்பதைத்தான் செங்கோடன் இப்போதும் கேட்டான்.

"சாப்பிட்டாச்சுங்களா?"

"இன்னும் இல்ல சாமி" என்றார் அங்கமுத்து, செல்போனைப் பார்த்து.